பெட்டியைக் காப்பாற்ற இன்னொரு பெட்டி

சீல் உடையாத ஒரு பழைய லெகோ செட்டை, அதாவது பிளாஸ்டிக் துண்டுகளைப் பொருத்திக் கட்டுகிற பொம்மைப் பெட்டியை, யாருக்காவது கூரியரில் அனுப்பும்போது நாம் காப்பாற்ற வேண்டியது உள்ளே இருக்கிற பிளாஸ்டிக்கை இல்லை, அதைச் சுற்றியிருக்கிற அட்டையைத்தான்.

பிளாஸ்டிக் தன்னைப் பார்த்துக்கொள்ளும். 1963 முதல் லெகோ துண்டுகள் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கில் வருகின்றன, அதே வகையில்தான் ஹெல்மெட் ஓடும் சூட்கேஸும்கூடச் செய்கிறார்கள். கிட்டத்தட்ட 100 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் அது இளக ஆரம்பிக்கும், அதனால் வெயிலில் நிற்கிற டெலிவரி வேனும் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் உற்பத்தி நின்றுபோன செட்டை வாங்குகிறவர், 2007-இல் வந்த கஃபே கார்னர் மாதிரி ஒன்றுக்குப் பெரிய விலை கொடுக்கிறவர், முதலில் பார்ப்பது நான்கு மூலைகளை. அட்டை நசுங்கியிருந்தால் விலையும் நசுங்கிவிடும்.

எனக்கு இது செலவு செய்துதான் புரிந்தது. ஒரு செட்டை விற்றேன், பபிள் ராப் இரண்டு சுற்று, அதன் மேல் பிரவுன் டேப், அவ்வளவுதான், வெளிப்பெட்டி கிடையாது. போய்ச் சேர்ந்ததும் வாங்கியவர் படம் அனுப்பினார். ஒரு மூலை உள்ளே போயிருந்தது, பக்கத்தில் இருந்த சீல் பிளந்திருந்தது, உள்ளே ஒரு துண்டுகூடக் கீறவில்லை. கூரியர்காரர்களைத் திட்டித் தீர்த்தேன், அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தால் தப்பு என் மேல்தான்.

அந்தக் கணக்கு இதுதான். மேசை உயரம், அதாவது 75 செ.மீ.யிலிருந்து ஒரு பெட்டி விழுந்தால் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 14 கி.மீ. இந்த வேகத்தை மாற்ற நம்மால் முடியாது, அது எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதை மட்டும் மாற்றலாம். கட்டட வேலையில் கீழிருந்து செங்கல்லைத் தூக்கிப் போட, மேலே நிற்பவர் அதைப் பிடிக்கிற விதத்தைப் பாருங்கள், கையை விறைப்பாக வைத்திருக்க மாட்டார், கல்லோடு சேர்ந்து கை கொஞ்சம் போய்விட்டுத்தான் நிற்கும். விழுந்த உயரத்தை நிற்கும் தூரத்தால் வகுத்தால், பொருள் தன் எடையைப் போலச் சராசரியாக எத்தனை மடங்கு விசையில் நிறுத்தப்படுகிறது என்று தோராயமாகக் கிடைத்துவிடும். 75 செ.மீ. விழுந்து 5 மில்லிமீட்டரில் நின்றால் 150 மடங்கு. 2 கிலோ செட் என்றால் அந்த ஒரு கணத்துக்கு 300 கிலோ பாரம், அதுவும் ஒரே மூலையில். என் இரண்டு சுற்று பபிள் ராப் கொடுத்த தூரம் அவ்வளவுதான் இருந்திருக்கும்.

இப்போது சுற்றிலும் 5 செ.மீ. மெத்தை வையுங்கள். முழு 5-ம் அமுங்காது, பாதி அமுங்குகிறது என்று வைத்துக்கொண்டால்கூட 30 மடங்கு, 60 கிலோ. மெத்தை ரொம்ப மென்மையாக இருந்தாலும் ஆபத்து, ஒரேயடியாக அமுங்கி அடித்தட்டிவிடும், அதன் பிறகு அது இல்லாத மாதிரிதான். கனமான செட்டுக்குச் சின்னக் குமிழ் உள்ள பபிள் ராப் பெரும்பாலும் இப்படித்தான் கைவிடுகிறது.

மூலைக்கு எதிரி வெளியில் மட்டும் இல்லை. சீல் உடையாத பெட்டியை ஆட்டிப் பாருங்கள், உள்ளே பைகள் சலசலக்கும், ஏனென்றால் பெட்டியில் காலி இடம் விட்டுத்தான் வருகிறது. பெட்டி மூலைப்பட விழும்போது பெட்டி நின்றுவிடும், பைகள் நிற்காது, மொத்தமாக அந்த மூலைக்கு ஓடிப்போய் உள்ளிருந்து இடிக்கும். மெல்லிய அட்டை இரண்டு பக்கமும் அடி வாங்குகிறது. சீல் பிளப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன். உள்ளே எதையும் திணிக்க வழியில்லை, அதனால் வெளியிலிருந்து மூலைக்கு மூலை தடித்த அட்டையை எல் வடிவில் மடித்து முட்டுக்கொடுப்பது நல்லது.

சரி, வெளிப்பெட்டி. அட்டையின் வெட்டு விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இரண்டு தாளுக்கு நடுவே அலையலையாக ஒரு தாள் தெரியும். அலை ஒரு வரிசை என்றால் 3 பிளை, இரண்டு வரிசை என்றால் 5 பிளை. பெட்டி நிமிர்ந்து நிற்கும்போது அந்த அலைகள் சின்னச் சின்னத் தூண்கள் மாதிரி மேலும் கீழுமாக நிற்கின்றன, மேலே பத்துப் பெட்டி அடுக்கினாலும் தாங்குவது அவைதான், அதிலும் பெரும்பங்கு நான்கு செங்குத்து விளிம்புகள். பக்கவாட்டில் படுக்க வைத்தால் தூண்களும் படுத்துவிடும். ஒருமுறை மடங்கிய விளிம்பில் தூண் ஏற்கெனவே முறிந்திருக்கிறது, ஆகையால் கடையில் வாங்கிய பழைய பெட்டி வேண்டாம். ஈரம் இன்னும் மோசம். தாளின் இழைகளை ஒட்டிவைத்திருக்கும் பிணைப்புகளுக்குள் தண்ணீர் புகுந்து தளர்த்திவிடும், மழைக்கால ஈரக்காற்றில் பெட்டியின் தாங்குதிறன் ஏறத்தாழ பாதியாகிவிடலாம். உள்பெட்டியை முதலில் ஒரு பிளாஸ்டிக் பையில் போடுவது அதற்காகத்தான்.

பபிள் ராப் பற்றி ஒரு கிளைக்கதை. 1957-இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஆல்ஃபிரட் ஃபீல்டிங், மார்க் ஷவான் என்ற இருவர் குளியலறைத் திரைகள் இரண்டை ஒட்டி, புடைப்புள்ள சுவர்த்தாள் செய்யப் பார்த்தார்கள். சுவருக்கு யாருக்கும் வேண்டாம். பிறகு ஐபிஎம் தன் 1401 கணினிகளை அனுப்ப அதைப் பயன்படுத்தியதும் வாழ்வு வந்தது. குமிழுக்குள் அடைபட்ட காற்று அமுங்க அமுங்க எதிர்த்துத் தள்ளும், அவ்வளவுதான் அதன் வித்தை. ஆனால் பளபளப்பாக அச்சடித்த அட்டை மேல் நேரடியாகச் சுற்றினால், வெயிலும் பாரமும் சேர்ந்து வட்ட வட்டமாகத் தழும்பு விழும். நடுவில் வெள்ளைத்தாள் ஒரு சுற்று போதும்.

இதெல்லாம் செய்தால் கூரியர் கட்டணம் கடிக்கும். பல நிறுவனங்கள் நீளம், அகலம், உயரத்தை செ.மீ.யில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, அது உண்மையான எடையை விட அதிகமானால் அதற்கே காசு வாங்குகின்றன. 50, 40, 10 என்ற பெட்டிக்கு 4 கிலோ. எல்லாப் பக்கமும் 5 செ.மீ. சேர்த்தால் 60, 50, 20, அதாவது 12 கிலோ. மூன்று மடங்கு, காற்றுக்கு! எனக்கும் வயிற்றெரிச்சல்தான், ஆனால் மூலை போன செட்டுக்கு இழக்கிற பணம் இதைவிட அதிகம், அதனால் விலை பேசும்போதே இதைச் சேர்த்துவிடுகிறேன்.

டேப் ஒட்டி முடித்ததும் மொத்தத்தையும் தூக்கி ஒரு ஆட்டு ஆட்டுவேன். சலசல என்று மட்டும் கேட்டால் அது உள்ளே லெகோ பைகள், அனுப்பலாம். தொம் என்று ஒரு சத்தம் கூடக் கேட்டால் உள்பெட்டி நகர்கிறது என்று அர்த்தம், டேப்பைக் கிழித்துவிட்டுப் பழைய செய்தித்தாள் தேடப் போவேன்.