ஆதாரமே இல்லாமல் எப்படிப் பிடித்தார்கள்?

கைதானவரின் வீட்டார் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். அடுத்து, "கைதாணையே காட்டலையே சார்?" என்பார்கள். இரண்டுமே அமெரிக்கத் தொடர்கள் பழக்கிவிட்ட எதிர்பார்ப்பு. அந்நாட்டு அரசமைப்பில் 1791இல் சேர்ந்த நான்காவது திருத்தம், நம்பத்தகுந்த காரணம் இல்லாமல் ஆணை பிறப்பிக்கக்கூடாது என்கிறது. நம் சிங்கப்பூரில் கணக்கு வேறு.

இங்கே பார்க்க வேண்டியது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 64வது பிரிவு. திருட்டு போன்ற, கைதாணை இல்லாமலே பிடிக்கக்கூடிய குற்றங்களில் நியாயமான புகாரோ, நம்பகமான தகவலோ, நியாயமான சந்தேகமோ இருந்தால் போலீஸ் கைது செய்யலாம். குற்றத்தை நிரூபிக்கும் அளவுக்கு ஆதாரம் அப்போதே கையில் இருக்க வேண்டியதில்லை. அதற்காக, அதிகாரிக்கு மனதில் பட்டால் மட்டும் போதும் என்றும் ஆகாது. அவரிடம் இருந்த அதே தகவலை நிதானமான வேறொருவர் பார்த்தாலும் சந்தேகம் எழ வேண்டும்.

என்னிடம் அதிகம் வருவது வங்கிக் கணக்கு விவகாரம். தங்கும் விடுதியில் பக்கத்துக் கட்டில்காரர், "தம்பி, என் அக்கவுண்ட்ல ஏதோ பிரச்சினை, உன் ஏடிஎம் கார்டைக் குடு, ரெண்டு நாள்ல தர்றேன்" என்கிறார். தம்பியும் ரகசிய எண்ணோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறார். மோசடியில் ஏமாந்த யாரோ ஒருவரின் சேமிப்பு அந்தக் கணக்குக்கு வந்து, அன்று மாலையே ரொக்கமாக வெளியே போய்விடுகிறது. புகாரும் வங்கிப் பதிவும் சுட்டுவது தம்பியின் பெயரை. "கேமராவில் இருப்பது என் முகமில்லையே" என்கிறார். உண்மைதான், ஆனால் அது வழக்கில் வைக்க வேண்டிய வாதம். கணக்கு அவருடையது, கார்டும் அவருடையது. சந்தேகத்துக்கு அதுவே போதும். அதே அறையில் தூங்கியவர் என்பதற்காக மட்டும் மூன்றாவது ஆளைப் பிடித்திருந்தால், அங்கே நியாயமான சந்தேகம் எங்கே என்று நான் கட்டாயம் கேட்பேன்.

கைதைவிடக் குடும்பத்தை முதலில் நெருக்குவது கணக்கு முடக்கம். 35வது பிரிவின்கீழ் அதற்கும் சந்தேகமே போதும். சம்பளமும் அதற்குள் மாட்டிக்கொள்ளும், ஊரில் பணத்துக்குக் காத்திருப்பார்கள். அடிப்படைச் செலவுக்கு ஒரு பகுதியை விடுவிக்கச் சொல்லி நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

சரி, பிடித்த பிறகு? அரசமைப்புச் சட்டத்தின் 9வது பிரிவுப்படி கைதுக்கான காரணத்தைக் கூடிய விரைவில் சொல்லியாக வேண்டும். பயண நேரம் போக 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். விசாரணைக்காகத் தொடர்ந்து காவலில் வைக்க அவர் உத்தரவிடலாம். வழக்கறிஞரைப் பார்க்கும் உரிமையும் உண்டு, ஆனால் கைதான நிமிடமே கிடைக்காது; நியாயமான கால அவகாசத்துக்குள் என்றுதான் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன.

வாக்குமூலத்தில்தான் நம்மவர்கள் அவசரப்படுகிறார்கள். தன்னையே குற்றச்சாட்டில் சிக்கவைக்கக்கூடியதைச் சொல்லத் தேவையில்லை என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 22வது பிரிவு. பொய் சொல்லலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. ஆங்கிலம் சரியாக வராது என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டும்போது, "நண்பனுக்குக் கொடுத்தேன்" என்று நீங்கள் சொன்னது "பணத்துக்காகக் கொடுத்தேன்" என்று பதிவாகியிருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே திருத்தச் சொல்லுங்கள்.