தம்பி, உங்கள் க்யூ போலி இல்லை

நல்ல விலை கொடுத்து, கையால் செய்த ஸ்னூக்கர் க்யூ (பந்தை அடிக்கும் கோல்) ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஒரு தம்பி போன வாரம் அதைத் தூக்கிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். பிடிப் பக்கத்துக் கருங்காலி மரம் தண்டின் வெளிர்நிற ஆஷ் மரத்தோடு சேரும் இடத்தில் கருங்காலியின் நான்கு முனைகளும் மழுங்கலாக வளைந்திருக்கின்றனவாம், அதிலும் ஒன்று மற்றவற்றைவிட மயிரிழை ஏறி நிற்கிறதாம், கிளப்பில் கிடக்கிற சாதா க்யூவில்கூட முனைகள் கூராக, சமமாக இருக்கும்போது தன் தலையில் போலியைக் கட்டிவிட்டார்கள் என்று ஒரே புலம்பல். இந்தப் புகாரைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஆனால் இவர் ஒரு படி மேலே போய், முனைகளைச் சமமாக்க வீட்டிலேயே உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார். தேய்த்த இடத்தில் விரலை ஓட்டினால் பள்ளம் தெரிகிறது. போன மரம் போனதுதான், என்னால் திருப்பி ஒட்ட முடியாது.

சரி, அந்த வளைவைப் பேசிவிடுவோம். க்யூவின் தண்டு உருண்டை, அடியில் பருத்து நுனியில் மெலியும். கையால் இணைப்பவர் அதன் அடிப்பக்கத்தில் இழைப்புளியால் சாய்வாக ஒரு தட்டையான முகத்தை இழைத்து, அதன்மேல் தட்டையான கருங்காலிப் பலகையைப் பசை போட்டு இறுக்கிக் கட்டுவார். இப்படி நான்கு பக்கமும் ஆனபிறகு, எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி உருண்டையாக இழைத்து இறக்குவார். உருண்டையான ஒன்றைத் தட்டையாகச் சாய்த்து வெட்டினால் விளிம்பு வளைவாகத்தான் வரும். நம்பிக்கை இல்லையென்றால் ஒரு கேரட்டைச் சாய்வாக நறுக்கிப் பாருங்கள். இழைப்பு ஒரு பக்கம் துளி கூடினால் அந்த முனை துளி ஏறும், அவ்வளவுதான். மெஷின் ஸ்ப்ளைஸ், அதாவது மெஷினில் போடும் இணைப்பு, வேறு விதம். ஆஷ் கட்டையிலும் கருங்காலிக் கட்டையிலும் ஆப்பு ஆப்பாக வெட்டி, ஒன்றின் ஆப்பு மற்றதன் பிளவுக்குள் போய் உட்காரும்படி அழுத்தி ஒட்டி, அப்புறம் கடைவார்கள். அதனால் முனை கூராக வரும், எல்லாம் ஒரே அளவில் நிற்கும். ஆக, நீங்கள் குற்றம் என்று காட்டுகிற வளைவுக்குத்தான் கூடுதல் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

இதைச் சொன்னால் உடனே, அப்போ மெஷின் க்யூ மட்டமா என்று அடுத்த கேள்வி. இல்லை. இரண்டு மரமும் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்வதால் அந்த இணைப்பு நல்ல உறுதி. அமெரிக்க பூல் (ஸ்னூக்கர் போன்ற மேஜை ஆட்டம்) உலகம் கொண்டாடுகிற க்யூ கைவினைஞர் ஜார்ஜ் பலபுஷ்கா ஆரம்பத்தில் எடுத்து வேலை செய்தது புருன்ஸ்விக் தொழிற்சாலையில் ஸ்ப்ளைஸ் போட்டு வந்த டைட்லிஸ்ட் ரகக் க்யூக் கட்டைகளைத்தான். அந்தக் க்யூக்கள் இன்று என்ன விலை போகின்றன என்று தேடிப் பாருங்கள்.

அதேபோல, 'ஹேண்ட்மேட்' என்றால் மெஷினே படாது என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. பலகையை ரம்பம்தான் சதுரக் கட்டையாக அறுக்கிறது, மெஷின்தான் பெரும்பாலும் முதல் சாய்வை வெட்டுகிறது. நல்ல பட்டறை எங்கே வேறுபடுகிறது என்றால், காத்திருப்பதில். ஒரே மூச்சில் கடைந்து முடிக்காமல் கொஞ்சம் குறைத்துவிட்டு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் தொங்கவிடுவார்கள். உள்ளே அடங்கியிருந்த இறுக்கம் தளர்ந்து மரம் தன் இஷ்டத்துக்கு வளையும். வளைந்ததைக் கழித்துவிட்டு மீதியை மறுபடி கடைவார்கள். கடைசியில் இழைப்புளியும் உப்புத்தாளும். காத்திருக்காமல் ஒரே வாரத்தில் முடித்த க்யூ, முழுக்கக் கையாலேயே செய்திருந்தாலும், உங்கள் வீட்டில் வந்துதான் வளையும்.

போலியைப் பிடிக்க வேண்டுமா, இதையெல்லாம் பாருங்கள். மலிவான பூல் க்யூக்களில் அந்த முனைகளே வெறும் ஸ்டிக்கராக இருக்கும், நகத்தை வைத்தால் ஓரம் தட்டும். கருப்புச் சாயம் ஏற்றிய சாதா மரத்தைக் கருங்காலி என்பார்கள் (மாலை வாங்கி ஏமாந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை). கீறல் விழுந்த இடத்தில் உள்ளே வெளுப்பு எட்டிப்பார்த்தால் சாயம்தான். பசைக் கோடு தலைமுடி அளவுகூட இருக்கக்கூடாது. தடிமனாகக் கருப்பாகத் தெரிந்தால் இடைவெளியை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்திருக்கிறார்கள். ஆஷ் தண்டில் அம்பு அம்பாக ஓடும் ரேகைகள் நடுவாக, நேராக ஏற வேண்டும், பாதியில் பக்கவாட்டில் ஓடினால் வேண்டாம். மேஜையில் உருட்டி மட்டும் முடிவு செய்யாதீர்கள், கையால் இழைத்த தண்டு கச்சிதமான வட்டமாக இருக்காது, கொஞ்சம் தள்ளாடும். ஒரு கண்ணை மூடி, அடியிலிருந்து நுனிவரை பார்வையை ஓட்டிப் பாருங்கள்.

வாங்கிய பிறகு தயவுசெய்து மே மாத வெயிலில் கார் டிக்கியில் போடாதீர்கள். ஆஷும் கருங்காலியும் ஒரே அளவில் சுருங்காது, இணைப்பின் ஓரத்தில் மெல்லிய படி எழும்பும். நம் ஊர் மழைக்காலத்திலும் வெயில்காலத்திலும் லேசாக அப்படி வருவது இயல்புதான், அதற்குப் பயந்து ஓடி வர வேண்டாம், காரில் வைத்ததால் பசையே விட்டுப்போனால்தான் பிரச்சினை. சுவரில் சாய்த்து மாதக்கணக்கில் விடாதீர்கள். கை ஒட்டுகிறது என்று வாராவாரம் தண்டை உப்புத்தாளால் தேய்க்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். ஸ்னூக்கர் க்யூவின் நுனியே ஒன்பதரை மில்லிமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும், மரம் தேயும், நுனியில் மாட்டிய பித்தளை வளையம், அதாவது ஃபெரூல், அவ்வளவு தேயாது, கொஞ்ச நாளில் பித்தளை விளிம்பு விரலில் இடறும், அப்புறம் ஃபெரூலையே மாற்றுங்கள் என்று என்னிடம் வருவீர்கள். நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் ஒரு முறை துடைத்து, உடனே உலர்ந்த துணியால் தேய்த்தால் போதும். எப்போதாவது ஆளி விதை எண்ணெய் இரண்டு சொட்டு.

பழைய க்யூ வாங்குகிறவர்கள் ஜாயின்ட்டை (க்யூவின் இரண்டு துண்டும் திருகிச் சேரும் இடம்) கழற்றி மறுபடி முடுக்கி, அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு தண்டில் உள்ளங்கையால் லேசாகத் தட்டிப் பாருங்கள். கடகட என்று உள்ளே ஏதாவது ஆடினால், விற்பவர் எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.