கடைசி பெஞ்சில் வசனம் கேட்கிறதா?

ஒலி அமைப்பு என் தொழில். வாரநாட்களில் மண்டபங்களிலும் மேடைகளிலும் அந்த வேலையைச் செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபையின் மிக்சருக்கு, அதாவது மைக்குகளின் ஒலியைக் கலந்து சரிசெய்யும் கருவிக்குப் பின்னால் உட்காரத் தொடங்கி இருபது ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் காலத்தில் வேறு சபைகளும் என்னை அழைத்திருக்கின்றன. அழைக்கும்போது கமிட்டியார் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: பின்னால் கேட்கவில்லை, இன்னும் இரண்டு ஸ்பீக்கர் வாங்க வேண்டும். நேரில் போய்ப் பார்த்தால், ஏற்கெனவே இருக்கும் ஸ்பீக்கர்களே அந்த ஆலயத்துக்கு அதிகமாக இருக்கும்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு பழைய கல் ஆலயத்துக்கு அப்படிப் போனேன். பிரசங்கம் நடந்துகொண்டிருந்தபோது கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பாட்டியம்மா, வேதாகமத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, வலது கையைக் காதுக்குப் பின்னால் குவித்தபடி முன்னால் சாய்ந்திருந்தார். ஆராதனை முடிந்ததும் அவரிடமே கேட்டேன். (போதகரை அந்தப் பக்கம் ஐயர் என்பார்கள்.) "சத்தம்லாம் நல்லாதான் கேக்கு தம்பி, ஐயரு என்ன சொல்லுதாருன்னுதான் பிடிபடல" என்றார். என் தொழிலில் நான் படித்த எந்தப் பாடத்தையும்விட அந்த ஒரு வாக்கியம் இந்தச் சிக்கலைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சத்தம் வேறு, சொல் வேறு. ஆலயத்தில் மிக்சரைக் கவனிக்கும் தம்பி தங்கைகள் இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நம்முடைய பழைய ஆலயங்கள் மைக் இல்லாத காலத்தில் எழுந்தவை. தரங்கம்பாடியின் புதிய எருசலேம் ஆலயம் 1718-இலும், பாளையங்கோட்டையின் தூய திரித்துவ ஆலயம் 1826-இலும் கட்டப்பட்டன. உயர்ந்த கூரையும் கல் தரையும் சுண்ணாம்புச் சுவர்களும் கொண்ட இத்தகைய கட்டடங்களில் ஒலி எளிதில் அடங்குவதில்லை. சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி, இரண்டு மூன்று நொடிகள்கூட நின்று ஒலிக்கும். பாமாலைக்கும் கொயருக்கும் இந்த எதிரொலி அழகு சேர்க்கிறது. பேச்சை அது கெடுக்கிறது. நாம் நொடிக்கு ஏறத்தாழ ஐந்து அசைகள் பேசுகிறோம் என்று கொண்டால், மூன்று நொடி எதிரொலியுள்ள ஆலயத்தில் ஒரு சொல் பிறக்கும்போது, அதற்கு முந்தைய பத்துப் பதினைந்து அசைகளின் மிச்சம் காற்றில் இன்னும் கலங்கிக்கொண்டிருக்கிறது.

பள்ளியில் படித்த மாத்திரைக் கணக்கை இங்கே நினைத்துப் பாருங்கள். நெடிலுக்கு இரண்டு, குறிலுக்கு ஒன்று, மெய்க்கு அரை. எதிரொலியில் நீண்டு நிற்பவை உயிரெழுத்துகளின் ஓசைகள்; அவை கீழ் அலைவரிசைகளில் வலுவானவை. சொல்லுக்கு எல்லை கட்டும் மெய்களோ அரை மாத்திரையில் தோன்றி மறைபவை. அவற்றில் ச, த போன்றவை தெளிவு பெறுவது ஏறத்தாழ 2000 ஹெர்ட்சுக்கு மேல்தான். அந்த அரை மாத்திரை முந்தைய நெடிலின் எதிரொலியில் மூழ்கிவிட்டால், காதுக்கு வந்து சேர்வது ஒரு நீண்ட முழக்கம் மட்டுமே. வயது ஏற ஏற மேல் அலைவரிசைகளைக் கேட்கும் திறன்தான் முதலில் குறைகிறது என்பதால், பாட்டியம்மாவுக்கு இந்த இழப்பு இரு மடங்காகிறது.

இந்த நிலையில் வால்யூமைக் கூட்டினால் குரலோடு எதிரொலியும் அதே அளவில் கூடும். இரண்டுக்கும் இடையிலான விகிதம் துளியும் மாறாது. முன் பெஞ்சில் இருப்பவர்களுக்குக் காது வலிக்கும், பின் பெஞ்சில் இருப்பவர்களுக்கு முழக்கம் பெருகும். மாற்ற வேண்டியது அந்த விகிதத்தை.

அதற்கான முதல் வழி செலவில்லாதது: மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுவருவது. இரண்டு சாண் தூரத்தில் இருக்கும் மைக்கை ஒரு சாண் தூரத்துக்கு நகர்த்தினால் குரலின் ஒலி அளவு 6 டெசிபெல் கூடுகிறது. அதே 6 டெசிபெல்லை ஆம்ப்ளிஃபயரிலிருந்து பெற நான்கு மடங்கு வாட்ஸ் வேண்டும். அப்படிப் பெற்றாலும் தெளிவு வராது, ஏனென்றால் தூரத்து மைக் போதகரின் குரலோடு ஆலயத்தின் முழக்கத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது. பிரசங்க பீடத்து மைக்கை நிமிர்த்தி வைக்க ஐயரிடம் சொல்லத் தயங்கும் தம்பிகள் பலரைப் பார்த்திருக்கிறேன். ஆராதனைக்கு முன் தனியாக, பணிவோடு சொன்னால் கோபித்துக்கொண்ட போதகர் ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.

அந்தக் கல் ஆலயத்தில் நான் கண்ட பெரிய தவறு வேறொன்று. கொயரின் நான்கு மைக்குகளும், வேதபாடம் வாசிக்கும் மைக்கும், திருவிருந்து மேசையின் மைக்கும் பிரசங்கம் முழுவதும் திறந்தே இருந்தன. திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும், ஸ்பீக்கர் ஊளையிடாமல் ஏற்றக்கூடிய அளவில் 3 டெசிபெல் பறிபோகிறது. பேசாத ஆறு மைக்குகளையும் அன்று மாலை ஆராதனையில் மியூட் செய்தோம். முழக்கத்தைக் குறைக்க, குரலில் 100 ஹெர்ட்சுக்குக் கீழே உள்ள ஓசையை வெட்டி, 250 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தைச் சற்றுக் குறைத்து, எதிர்ச் சுவரைப் பார்த்திருந்த ஸ்பீக்கர்களைச் சபையார் அமர்ந்திருக்கும் பெஞ்சுகளை நோக்கிக் கீழே சாய்த்தோம். மொத்த வால்யூமைக் காலையில் இருந்ததைவிடக் குறைத்தே வைத்தோம். புதிதாக எதையும் வாங்கவில்லை.

நீண்ட ஆலயங்களில் நடுவழியில் தூணுக்குத் தூண் சிறு ஸ்பீக்கர்கள் வைத்து, ஒவ்வொன்றையும் மெல்ல ஒலிக்கவிடுவது நல்லது. ஆனால் அவற்றுக்கு டிலே கொடுக்க வேண்டும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது என்பதால், முன்னாலுள்ள ஸ்பீக்கரிலிருந்து 20 மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கருக்கு ஏறத்தாழ 58 மில்லிநொடி தாமதம் வைக்காவிட்டால் ஒரே சொல் இரண்டு முறை வந்து விழும்.

சனிக்கிழமை ஒத்திகையில் சரிசெய்ததை ஞாயிற்றுக்கிழமை அப்படியே விட்டுவிடக் கூடாது. 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் விரிவுரை விளங்காத ஒரு அரங்கைச் சீர்செய்யும் பொறுப்பை ஏற்ற வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியர், பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் எடுத்துவந்து அடுக்கி, அந்த அறையின் எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். உட்கார்ந்திருக்கும் மனித உடலும் ஒலியை உறிஞ்சுகிறது என்பதை அவருடைய அளவீடுகள் காட்டின. ஆறு பேர் இருக்கும் ஒத்திகையும் அறுநூறு பேர் நிறைந்த ஆராதனையும் ஒலியைப் பொறுத்தவரை இரண்டு வெவ்வேறு கட்டடங்கள்.

இனிச் சொல்லப்போவது என்னை மிகவும் வருத்தும் விஷயம். தகரக் கூரையும் டைல்ஸ் தரையும் கொண்ட புதிய ஜெப மண்டபங்களில், டிரம்ஸ், கீபோர்டு, பேஸ் கிட்டார், ஆறேழு பாடகர்கள் என்று துதி ஆராதனை ஒரு மணி நேரத்துக்கு மேல் நடக்கிறது. சில இடங்களில் அளவுமானியை வைத்துப் பார்த்தபோது 100 டெசிபெல்லைத் தொட்டது. பணியிடப் பாதுகாப்பையும் உடல்நலத்தையும் ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் தொழிலாளர்களுக்கு வகுத்த வரம்பு 85 டெசிபெல்லுக்கு எட்டு மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகிறது. 94 என்றால் ஒரு மணி நேரம், 100 என்றால் 15 நிமிடம். இது வளர்ந்தவர்களுக்கான கணக்கு. ஸ்பீக்கருக்கு ஐந்தடி முன்னால் தாயின் தோளில் தூங்கும் கைக்குழந்தைக்கு இந்தக் கணக்கைக்கூட நாம் பார்ப்பதில்லை. அத்தகைய தாயை வேறு இடத்தில் உட்காரச் சொல்வதும் ஒலிப்பணியாளரின் வேலைதான். சத்தம் கூடினால்தான் அபிஷேகம் இறங்கும் என்ற எண்ணத்தை இளைஞர் மனத்தில் விதைத்தவர்கள், உட்செவியின் மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

எனக்கே அது நேர்ந்திருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் எடுத்த செவித்திறன் சோதனையில் என் இடது காதின் கோடு 4000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளமாக இறங்கியிருந்தது. பேரொலி விட்டுச் செல்லும் தழும்பு பெரும்பாலும் அந்த இடத்தில்தான் தெரியும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: மேல் அலைவரிசை கேட்காத காதை உடையவர் மிக்சரில் அமர்ந்தால், தனக்குக் கேட்கும் வரை டிரெபிளைக் கூட்டுவார், அதன் கூர்மை சபை முழுவதையும் குத்தும். ஆகவே இப்போதெல்லாம் நான் என் காதை மட்டும் நம்புவதில்லை. குழுவில் இருக்கும் பதினேழு வயதுத் தங்கையிடம் ஒருமுறை கேட்டுவிட்டே முடிவு செய்கிறேன்.

ஆலயத்துக்கு வெளியே இருக்கும் காதுகளும் நம் பொறுப்பில் வருகின்றன. மத்திய அரசின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், மூடிய அரங்குகளுக்குள்ளேயே கேட்கும் ஒலியைத் தவிர, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்பது வரம்பு. அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று, சென்னையில் ஒரு சபைக்கும் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கும் இடையே எழுந்த வழக்கில், பிறரின் அமைதியைக் குலைத்து ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்வதில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அண்டை வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும்போது வாசலில் கூம்பு ஒலிபெருக்கி எதற்கு என்று கமிட்டியில் எழுந்து கேட்க, ஒலிப்பணியாளரைவிடத் தகுதியானவர் இல்லை.

பிரசங்கம் தொடங்கியதும் இரண்டு நிமிடம் மிக்சரைத் தங்கையிடம் விட்டுவிட்டு நான் கடைசி பெஞ்சுக்குப் போவேன். போதகர் அதிகாரத்தையும் வசன எண்ணையும் சொல்லும்போது அங்கிருப்பவர்களின் கைகளைப் பார்ப்பேன். சரியாகக் கேட்டிருந்தால் தாள்கள் உடனே புரளும். கேட்காவிட்டால், அடுத்தவர் விரித்திருக்கும் பக்கத்தை ஒருவர் எட்டிப் பார்ப்பார், அவர் தனக்கு அடுத்தவரைப் பார்ப்பார். அந்தக் கல் ஆலயத்தில் அன்று மாலை ஆராதனையில் பாட்டியம்மா யாருடைய வேதாகமத்தையும் எட்டிப் பார்க்கவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, விரலை நாவில் தொட்டு, தாமே பக்கத்தைப் புரட்டினார்.