மெட்ராஸ் டெரஸின் கீழே ஒரு மேடை

பழைய மண்டபத்தை முன்னூறு பேர் உட்காரும் நாடக அரங்காக மாற்ற வருபவர்கள் முதலில் பார்ப்பது கூரையைத்தான்: "இந்தத் தேக்கு உத்தரத்திலேயே லைட்டை மாட்டிடலாமே?" மாட்டக் கூடாது.

மெட்ராஸ் டெரஸ் என்பது உத்தரங்கள், அவற்றின் மேல் நெருக்கமான கட்டைகள், சாய்வாக நிறுத்தி அடுக்கிய மெல்லிய செங்கல், செங்கல் ஜல்லி கலந்த சுண்ணாம்புத் தளம், அதன் மேல் ஓடு. பரவலான எடையைத் தாங்குவதற்காகப் போட்டது, ஒரு புள்ளியில் தொங்கும் எடைக்காக அல்ல. விளக்குகளை மாட்டும் 12 மீட்டர் அலுமினியச் சட்டம் (டிரஸ்) சுமார் 80 கிலோ. எட்டு கிலோ விளக்குகள் 12 என்றால் 96 கிலோ. கேபிளும் கொக்கியும் 30. ஒரு வரிசைக்கே 200 கிலோவுக்கு மேல். மூன்று வரிசையும் திரையும் சேர்ந்தால் முக்கால் டன்னை நெருங்கும். உத்தரம் நடுவில் கம்பீரமாகத்தான் தெரியும். உளுத்துப்போவது சுவருக்குள் புதைந்த முனை. அங்கே சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்கும் கறையானுக்கும் வசதி.

எனவே விளக்குகளுக்குத் தனிக் கால்களில் நிற்கும் இரும்புச் சட்டகம் போடுங்கள். வெல்டிங் வேண்டாம், போல்ட் போதும், நாளை கழற்றலாம். பழைய சுவரின் அஸ்திவாரம் பெரும்பாலும் ஆழமில்லாதது. அதையொட்டிக் குழி தோண்டாமல் அகலமான அடித்தட்டில் எடையைப் பரப்புங்கள். ஒவ்வொரு விளக்குக்கும் தனிப் பாதுகாப்புக் கம்பி கட்டாயம். ஆயிரம் வாட் ஹாலஜன் 24 இருந்தால் 24 கிலோவாட். 250 வாட் எல்.இ.டி.யில் அதே எண்ணிக்கைக்கு 6. பழைய வயரிங்கை இதற்கு நம்பாமல் புது லைன் இழுங்கள்.

அடுத்தது எதிரொலி. 24 × 12 × 8 மீட்டர் கூடத்தின் கன அளவு 2,304 கன மீட்டர். வசனம் தெளிவாகக் கேட்க எதிரொலி ஒரு நொடிக்குள் அடங்க வேண்டும். எதிரொலி நேரத்தைக் கணக்கிடும் சபைன் சூத்திரப்படி அதற்குச் சுமார் 370 சதுர மீட்டர் ஒலி உறிஞ்சல் தேவை. நிறைந்த சபை 150 போலத் தரும். மீதியைத் திரையும் மெத்தை இருக்கையும் பலகைகளும் தர வேண்டும். பலர் மெல்லிய நுரைப் பஞ்சைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். அது கீச்சு ஒலியை மட்டும் விழுங்கும், தாழ்ந்த ஒலி முழங்கிக்கொண்டே இருக்கும். பிரிக்கும்போது சுண்ணாம்புப் பூச்சும் கூடவே வரும். 50 மி.மீ. ராக்வுல் (பாறை இழைப் பஞ்சு) பலகையைச் சுவரிலிருந்து 50 மி.மீ. தள்ளித் தனிச் சட்டத்தில் நிறுத்துங்கள். தாழ்ந்த ஒலியும் அடங்கும், சுவரும் மூச்சுவிடும். அதே காரணத்துக்காகத்தான் சிமெண்ட் பூச்சும் பிளாஸ்டிக் பெயிண்டும் ஆகாது: உள்ளே அடைபட்ட ஈரம் உப்பைத் தள்ளிக் காரையை உதிர்க்கும்.

கடைசியில்தான் கதவைப் பற்றி யோசிக்கிறார்கள். முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். 2016 தேசிய கட்டட விதித்தொகுப்பு மக்கள் கூடும் கட்டடங்களின் வெளியேறும் கதவுக்கு 2 மீட்டர் அகலம் கேட்கிறது. பழைய தேக்குக் கதவுகள் பல அதைவிடக் குறுகியவை, உள்பக்கம் திறப்பவை. அகலப்படுத்துவதற்காகக் கதவின் மேலுள்ள வளைவை உடைக்காதீர்கள். தாழ்வாரம் பக்கம் தரைவரை இறங்கும் ஜன்னல்களைக் கூடுதல் வழியாக்கலாமா என்று தீயணைப்புத் துறையிடம் வரைபடத்தோடு முன்கூட்டியே கேளுங்கள். அவர்கள் 220 இருக்கைக்குத்தான் அனுமதி தந்தால் 220தான்; கூட்டம் வந்த அன்று நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலி போடுவதற்கு அந்த அனுமதியில் இடமில்லை.