ஜாமீன் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கோர்ட் செய்தியிலும் ஜாமீன் வரும், கடன் பேச்சிலும் ஜாமீன் வரும். "அவருக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது" என்பதும் "எனக்கு ஒரு ஜாமீன் கையெழுத்துப் போடு" என்பதும் சம்பந்தமில்லாத இரண்டு விஷயங்கள் போலத் தெரியும். ஆனால் இரண்டிலும் நடப்பது ஒன்றுதான். ஒருவர் கொடுத்த வாக்குக்கு இன்னொருவரோ, கட்டிய ஒரு தொகையோ பொறுப்பாக நிற்பது.

சொல் அரபியிலிருந்து வந்தது. அங்கே 'ளாமின்' என்றால் பொறுப்பேற்கும் ஆள். பாரசீகம் வழியாக இங்கே வந்து சேர்ந்தது. கோர்ட்டிலும் அரசாங்க அலுவலகங்களிலும் பாரசீகம் கோலோச்சிய காலம் அது. 1837இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி அந்த மொழியை விலக்கிய பிறகும் வக்கீல், வாய்தா, ஜப்தி, ஆஜர் எல்லாம் நம் நாக்கிலேயே தங்கிவிட்டன. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மூலத்தில் ஆளைக் குறித்த சொல், தமிழுக்கு வந்ததும் செயலைக் குறிப்பதாக மாறிவிட்டது, அதனால் ஆளைச் சொல்ல இன்னொரு வால் ஒட்டி 'ஜாமீன்தார்' என்று ஆக்க வேண்டியதாயிற்று. இதை ஜமீன்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த 'ஜமீன்' பாரசீகத்தில் நிலம்.

சரி, தமிழில் என்ன? பிணை. கொடி பிணைகிறது, கயிற்றைப் பிணைக்கிறோம், கதிரடிக்க மாடுகளை வரிசையாகக் கட்டி ஓட்டினால் அது பிணையல். எல்லாவற்றிலும் கட்டு இருக்கிறது. எனக்கு இந்தச் சொல் பிடிப்பதே அதனால்தான், சட்டம் என்ன செய்கிறது என்பதை இது மறைக்காமல் சொல்லிவிடுகிறது. இங்கிலீஷ் 'பெயில்' என்பதன் வேர் சுமை தூக்குவது என்ற பொருளுள்ள லத்தீன் சொல் என்பார்கள். அவர்கள் சுமையைப் பார்த்தார்கள், நாம் கட்டைப் பார்த்தோம்.

கடனுக்குப் பிணை நிற்கிறவர்கள் இதைக் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டும். "சும்மா ஒரு கையெழுத்துதான்" என்று சொல்லித்தான் பேனாவை நீட்டுவார்கள். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் பிணையாளுக்கும் உண்டு. அவரிடம் முதலில் கேளுங்கள், அப்புறம் என்னிடம் வாருங்கள் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. அதே சமயம், முன்பின் தெரியாத ஒருவருக்குத் துணிந்து பணம் கொடுக்க முடிகிறதென்றால் அதுவும் இந்தக் கட்டு இருப்பதால்தான், அது இல்லாவிட்டால் சொந்தக்காரர்களுக்குள் மட்டும்தான் வியாபாரம் நடக்கும்.

கோர்ட்டிலும் அப்படியே. பிணை கிடைத்தது என்றால் விடுதலை ஆகிவிட்டார் என்று அர்த்தமில்லை. ஆள் வெளியே இருக்கிறார், ஆனால் வழக்கோடு பிணைந்துதான் இருக்கிறார். கூப்பிட்ட நாளில் வந்து நிற்க வேண்டும்.

இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் பிணை என்றே எழுதுகின்றன, வாசிக்கிறவர்கள் யாரும் தடுமாறுவதில்லை. முன்ஜாமீனுக்கு முன்பிணை, ஜாமீன்தாருக்குப் பிணையாள், எழுதிக்கொடுக்கும் தாளுக்குப் பிணைப்பத்திரம். 'பிணைக்கைதி' என்பதை நாம் எல்லோரும் ஏற்கெனவே யோசிக்காமல் சொல்கிறோம், அதில் இருப்பதும் இதே பிணைதான்.