வெட்டாமல் ஒரு சீவல்: எம்ஆர்ஐ ரேடியோத் துடிப்பின் சூட்சுமம்

எம்ஆர்ஐ எடுக்கும்போது தலை முழுவதும் சுருளுக்குள் இருக்கிறது, ரேடியோ அலையும் தலை முழுவதும்தான் பாய்கிறது. அப்புறம் எப்படி 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு சீவல் மட்டும் படமாக வருகிறது? வாசகர் ஒருவர் கேட்ட கேள்வி இது.

அடிப்படை பள்ளியில் படித்ததுதான். காந்தப்புலத்தில் ஹைட்ரஜன் புரோட்டான்கள் டெஸ்லாவுக்கு (காந்தப்புல வலுவின் அலகு) 42.58 மெகாஹெர்ட்ஸ் என்ற அதிர்வெண்ணுக்குத்தான் மசியும்; அந்த அலை பட்டால் சாயும், சாய்ந்தவைதான் சிக்னல் தரும். 1.5 டெஸ்லா இயந்திரத்தில் அது சுமார் 64, 3 டெஸ்லாவில் சுமார் 128. நாம் பாட்டுக் கேட்கும் எஃப்எம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. இந்த அலை உடம்பைக் கொஞ்சம் சூடாக்கும், அதற்கு வரம்பும் உண்டு. ஆனால் எக்ஸ்ரே போல எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் வலு இதற்குக் கிடையாது. எம்ஆர்ஐயும் எக்ஸ்ரே மாதிரி ஆபத்தான கதிர்வீச்சு என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி ஸ்கேனைத் தள்ளிப்போடுவது வீண் வேலை.

சரி, சீவலுக்கு வருவோம். கிரேடியன்ட் சுருள் காந்தப்புலத்தைத் தலையிலிருந்து கால் நோக்கிச் சீராக ஏற்றுகிறது. மீட்டருக்கு 10 மில்லிடெஸ்லா வீதம் ஏற்றினால், 5 மில்லிமீட்டருக்குள் அதிர்வெண் சுமார் 2,130 ஹெர்ட்ஸ் மாறும். அந்த அதிர்வெண் பட்டைக்குள் சம வலுவும் வெளியே பூஜ்யமும் உள்ள துடிப்பு, அதாவது சிறு நேரம் மட்டும் பாயும் ரேடியோ அலை, வேண்டும்.

ரேடியோவைச் சட்டென்று போட்டு அணைத்தால் அதிர்வெண்கள் இருபுறமும் சிந்திவிடும். அலையை அதிலுள்ள அதிர்வெண்களாகப் பிரித்துப் பார்க்கும் ஃபூரியே கணிதம் கேட்கும் வடிவமே வேறு: நடுவில் ஒரு மேடு, இரு பக்கமும் தேய்ந்தபடி குறி மாறி மாறிப் போகும் சிற்றலைகள். இதுதான் சிங்க் துடிப்பு. எனக்கு இதில் பிடித்ததே அந்தச் சிற்றலைகள்தான். சீவலுக்கு வெளியே நடு மேடு தெரியாத்தனமாகச் சாய்த்த புரோட்டான்களை, எதிர்க்குறியோடு வரும் சிற்றலைகள் திரும்ப நிமிர்த்துகின்றன. உள்ளே இருப்பவை மட்டும் சாய்ந்தபடி நிற்கும்.

ஆனால் சிற்றலைகளுக்கு முடிவே கிடையாது, நமக்கு இருப்பதோ 2, 3 மில்லிநொடி. எங்காவது வெட்டியாக வேண்டும். வெட்டினால் சீவலின் வெட்டுமுகத்தில், அதாவது தடிமன் நெடுக சிக்னல் எப்படி இருக்கிறது என்று காட்டும் வரைகோட்டில், நெளிவு வரும். ஹான்னிங் சாளரம் என்ற கணக்கைப் போட்டுத் துடிப்பின் முனைகளை அமுக்கினால் நெளிவு அடங்கும், விளிம்பு சரிவாகும். சரிந்த விளிம்பு பக்கத்துச் சீவலையும் தொட்டுவிடும் என்பதால்தான் சீவல்களை முதலில் 1, 3, 5, அப்புறம் 2, 4, 6 என்று எடுக்கிறார்கள்.

துடிப்பைச் சோதிக்கத் பேன்டம் எனப்படும், தண்ணீர் நிரம்பிய சோதனைப் பாத்திரம் ஒன்று போதும். சிக்னலைப் படிக்கும்போது போடும் கிரேடியன்ட்டையும் சீவலின் தடிமன் திசைக்கே திருப்பினால் வெட்டுமுகம் திரையில் வந்துவிடும். அது ஒரு பக்கம் தள்ளி நின்றால் மைய அதிர்வெண்ணைப் பாருங்கள். சிக்னலே காணோமா? துடிப்புக்குப் பிறகு எதிர்த்திசையில், ஏறக்குறைய பாதிப் பரப்பில் வரவேண்டிய கிரேடியன்ட் விட்டுப்போயிருக்கலாம். அது இல்லாவிட்டால் சீவலுக்குள் புரோட்டான்கள் கட்டம் (சுழற்சியின் ஒத்திசைவு) கலைந்து ஒன்றின் சிக்னலை இன்னொன்று அழித்துவிடும். இதையெல்லாம் கைப்படச் செய்துபார்க்க ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் பிறந்த பல்ஸெக் என்ற திறந்தமூல மென்பொருள் இருக்கிறது. கோடிக்கணக்கில் இயந்திரம் வாங்கும் நாம், துடிப்பு எழுதத் தெரிந்த ஆளுக்குச் சம்பளம் ஒதுக்க யோசிக்கிறோம்.

புரோட்டான்களை 180 பாகை சாய்க்கும்போது ஃபூரியே கணக்கு கைவிரித்துவிடும். அங்கே ஷின்னார்-லெ ரூ முறை வருகிறது. துடிப்பு வடிவமைப்பையே அது டிஜிட்டல் வடிகட்டிக் கணக்காக மாற்றிவிடுகிறது. கூடவே சூடும் ஏறும்: அதே நேரத்தில் கோணம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. அதைச் சமாளிக்க, மேடு வரும் நேரத்தில் மட்டும் துடிப்பையும் கிரேடியன்ட்டையும் சேர்த்துத் தணித்து நிதானமாக ஓட்டுவார்கள். சீவல் மாறாது, சூடு குறையும். அதிர்வெண் கொஞ்சம் பிசகினால் மட்டும் வெட்டுமுகம் கோணிக்கொள்ளும்.