டிராப் ஃபில்டர் போடும் முன்: லாக் பைப்லைன் பார்ப்பவர்களுக்குச் சில எச்சரிக்கைகள்

செயலிகள் எழுதும் லாக் (பதிவு) வரிகளை வாங்கி, ஃபில்டர்கள் வழியாகச் செலுத்தி, சேமிக்கும் இடத்துக்கு அனுப்பும் மென்பொருள் லாக்ஸ்டாஷ்; அந்த ஓட்டம்தான் பைப்லைன். வரியைப் புலங்களாக (ஃபீல்டுகளாக) பிரிப்பது க்ரோக் ஃபில்டர். அதனால் ஒரு வரியைப் பிரிக்க முடியாமல் போனால் பைப்லைன் நிற்பதில்லை. 'க்ரோக் பார்ஸ் ஃபெயிலியர்' என்று ஒரு டேகை ஒட்டி, வரியை வந்த நிலையிலேயே அடுத்த ஃபில்டருக்குத் தள்ளிவிடும். தேதி, நேரத்தைப் படிக்கும் டேட் ஃபில்டரும் இப்படித்தான். ஒரு கோணல் வரிக்காக மொத்த லாக்கும் நின்றுவிடக் கூடாது என்பதால் இது சரியான ஏற்பாடுதான். ஆனால் அந்த டேகை யாராவது பார்க்கிறார்களா? நான் வேலைக்காகப் போகும் பெரும்பாலான இடங்களில் பார்ப்பதில்லை. வரிகள் வந்துகொண்டிருக்கின்றன, டாஷ்போர்டு பச்சையாக இருக்கிறது, சரி என்று விட்டுவிடுகிறார்கள்.

தோல்வி டேக் விழுந்த வரிகளுக்குத் தனி இண்டெக்ஸ் (சேமிப்புத் தொகுப்பு) வையுங்கள். அதன் எண்ணிக்கை கூடினால் அலர்ட் வரட்டும். மற்ற எதையும் செய்ய நேரமில்லை என்றாலும் இதையாவது இன்றே செய்துவிடுங்கள்.

டிராப் ஃபில்டர் இதைவிட ஆபத்தானது. தன்னிடம் வருவதைத் தூக்கி எறிந்துவிடும். டேகும் இல்லை, தடயமும் இல்லை. பணப் பரிமாற்றச் செயலி ஒன்றின் லாக்கில் நான் பார்த்த கதை இது. டிஸ்க் நிரம்புகிறதே என்று, மெசேஜில் 'டீபக்' (பிழை தேடுவதற்காக எழுதும் விவர வரிகளின் அடையாளம்) என்ற சொல் எங்கே இருந்தாலும் டிராப் செய்யும்படி நிபந்தனை எழுதியிருந்தார்கள். ஆனால் பணம் போகாதபோது எதிர்முனை கேட்வே (பணப் பரிமாற்றத்தை நடத்தும் அமைப்பு) அனுப்பும் பதிலில் 'டீபக் ஐடி' என்றொரு புலம் வரும். செயலி அந்தப் பதிலை அப்படியே எர்ரர் வரியில் எழுதிவிடும். விளைவு, வெற்றி பெற்ற பரிமாற்றங்கள் எல்லாம் லாக்கில் இருந்தன. தோற்றவை மட்டும் மறைந்துபோயின. எர்ரர் வரைபடம் இறங்கியதைப் பார்த்து, புது வெர்ஷன் நன்றாக ஓடுகிறது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். "காசு போயிடுச்சு, ரசீது வரலை" என்று வாடிக்கையாளர்கள் கூப்பிட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

இந்த மாதிரி நிபந்தனையை முழு மெசேஜின் மேல் எழுதவே கூடாது. முதலில் க்ரோக் மூலம் லாக் லெவலை (டீபக், எர்ரர் போன்ற வரியின் வகை) தனிப் புலமாகப் பிரித்தெடுத்து, அந்தப் புலத்தின் மதிப்பைப் பாருங்கள். அப்போதும் உடனே டிராப் வேண்டாம். சில நாள் ஒரு டேக் மட்டும் ஒட்டி, என்னென்ன வரிகள் மாட்டுகின்றன என்று கண்ணால் பார்த்துவிட்டு அப்புறம் டிராப் போடுங்கள்.

அடுத்தது மொபைல் எண், ஆதார் எண் போன்றவற்றை மறைப்பது. இங்கே நடக்கும் தவறுகள் மனிதர்களைப் பாதிப்பவை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். புலங்களைத் திருத்தும் மியூட்டேட் ஃபில்டரின் ஒரே பிளாக்குக்குள் நாம் எழுதும் வரிசைக்கு மதிப்பில்லை. அதற்கென்று நிலையான வரிசை இருக்கிறது: ரீநேம் (பெயர் மாற்றுவது) முன்னால் ஓடும், ஜிசப் (எழுத்துகளைத் தேடி மாற்றுவது) பின்னால் ஓடும், காப்பி கடைசியில் ஓடும். 'போன்' என்ற புலத்தில் உள்ள எண்களை ஜிசப் மூலம் மறைத்துவிட்டு, அதே பிளாக்கில் அந்தப் புலத்துக்கு 'மொபைல்' என்று பெயர் மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். உண்மையில் பெயர் முதலில் மாறிவிடும். அப்புறம் ஜிசப் 'போன்' என்ற புலத்தைத் தேடும், அது இருக்காது, எந்த எச்சரிக்கையும் தராமல் நகர்ந்துவிடும். பத்து இலக்கமும் அப்படியே, வரிகளைச் சேமித்துத் தேட உதவும் எலாஸ்டிக்சர்ச்சுக்குப் போய்ச் சேரும். வரிசை முக்கியம் என்றால் இரண்டு மியூட்டேட் பிளாக்குகளாகப் பிரித்து எழுதுங்கள்.

புலத்தைச் சரியாக மறைத்தாலும் மூல மெசேஜ் பக்கத்திலேயே இருக்கிறது. க்ரோக் புதிய புலங்களை உண்டாக்குமே தவிர, நாம் சொல்லாமல் மெசேஜை நீக்காது. மொபைல் புலத்தில் நட்சத்திரக் குறிகள் இருக்க, இரண்டு வரி கீழே மெசேஜில் முழு எண்ணும் தெரிவதை நான் பல இடங்களில் காட்டியிருக்கிறேன். அதோடு, க்ரோக் தோற்ற வரிகளில் மொபைல் என்ற புலமே உருவாகாது, ஆகவே மறைப்பும் நடக்காது. முதலில் சொன்ன தோல்வி இண்டெக்ஸை யார் திறக்கலாம் என்பதையும் இதற்காகவே கட்டுப்படுத்த வேண்டும்.

ஒரே வாடிக்கையாளரின் வரிகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்று சிலர் எண்ணை ஹாஷ் செய்து (வேறொரு குறியீடாக மாற்றி) வைப்பார்கள். பத்து இலக்க எண்கள் மொத்தமே 1,000 கோடிதான். ரகசியச் சாவி இல்லாத ஹாஷ் என்றால் எல்லா எண்களையும் ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். ஹாஷ் போடும் ஃபிங்கர்பிரிண்ட் ஃபில்டரில் சாவி கொடுக்க இடம் இருக்கிறது, கட்டாயம் கொடுங்கள்.

நேரத்துக்கு வருவோம். லாக் வரியில் காலை 10:15 என்று மட்டும் இருக்கிறது, எந்த நேர மண்டலம் என்று இல்லை. லாக்ஸ்டாஷ் ஓடும் கன்டெய்னர் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருந்தால் அதை யுடிசி 10:15 என்றே எடுத்துக்கொள்ளும். எலாஸ்டிக்சர்ச்சில் இருப்பதைத் திரையில் காட்டும் கிபானாவை இந்தியாவில் திறப்பவருக்கு அது பிற்பகல் 3:45. 'கடைசி 15 நிமிடம்' என்று பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் அந்த நிகழ்வுகள் எல்லாம் எதிர்காலத்தில் உட்கார்ந்திருக்கும். டேட் ஃபில்டரில் டைம்சோனை 'ஆசியா/கொல்கத்தா' என்று குறிப்பிட்டால் தீர்ந்தது. நாளையும் மாதத்தையும் இடம் மாற்றி எழுதிய ஃபார்மேட் இன்னும் மோசம். மாதத்தின் முதல் 12 நாட்கள் பிழையே காட்டாமல் தேதிகளைத் தவறான மாதத்தில் போடும்; 13ஆம் தேதிதான் தோல்வி டேக் விழ ஆரம்பிக்கும்.

பைப்லைன் அமைப்புகளை எழுதும் கான்ஃப்.டி ஃபோல்டரில் தனித்தனிக் கோப்புகளாக எழுதியிருந்தாலும், லாக்ஸ்டாஷ் அவற்றை ஒன்றாகக் கோத்து ஒரே பைப்லைனாகத்தான் ஓட்டும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. நிபந்தனை போடாவிட்டால் ஒரு செயலியின் லாக் இன்னொன்றின் ஃபில்டருக்குள் நுழைந்துவிடும். பைப்லைன்ஸ் கோப்பில் தனியாகப் பிரித்து வைப்பதே நல்லது.

க்ரோக் எடுத்துத் தரும் மதிப்பு, எண் என்று நாம் சொல்லாதவரை எழுத்துச்சரமாகத்தான் இருக்கும். எலாஸ்டிக்சர்ச்சில் எண் என்று பதிவான புலத்துக்கு ஒரு நாள் வெறும் கோடு வந்தால் அந்த நிகழ்வே நிராகரிக்கப்படும். அப்படி நிராகரிக்கப்பட்டவை டெட் லெட்டர் க்யூவில் (ஏற்கப்படாதவற்றை ஒதுக்கி வைக்கும் வரிசை) தேங்க வேண்டும். ஆனால் அந்த வசதி இயல்பாக அணைந்தே இருக்கும். நாம்தான் ஆன் செய்ய வேண்டும்.

டெஸ்ட் விஷயத்திலும் ஒரு பொய்யான நிம்மதி உண்டு. கான்ஃபிக் டெஸ்ட் கட்டளை இலக்கணத்தை மட்டும்தான் சரிபார்க்கும். மேலே சொன்ன 'டீபக்' நிபந்தனையை அது சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளும். உண்மையான லாக்கிலிருந்து, தனிப்பட்ட விவரங்களை மாற்றி, ஒரு மாதிரிக் கோப்பு வைத்திருங்கள். பாதியில் அறுந்த வரி, ஜாவா பிழை அடுக்கு, தமிழில் எழுதிய பெயர், இனிஷியலும் இடைவெளியும் உள்ள பெயர் எல்லாம் அதில் இருக்கட்டும். க்ரோக்கின் 'யூசர்நேம்' பேட்டர்ன் ஆங்கில எழுத்து, எண், புள்ளி, கோடுகளை மட்டுமே ஏற்கும், நம் ஊர்ப் பெயர்களில் எளிதாகத் தடுக்கி விழும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இந்தக் கோப்பை ஓட்டி, உள்ளே போன வரிகளும் வெளியே வந்த வரிகளும் எத்தனை என்று ஒப்பிடுங்கள்.

இந்தியாவில் இயங்கும் நிறுவனங்களுக்கு இது சட்டப் பிரச்சினையும்கூட. 2022 ஏப்ரல் 28 அன்று, இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவின்படி, கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். டிஸ்க் செலவைக் குறைக்க ஒருவர் போடும் டிராப் நிபந்தனை, விசாரணையின்போது கேட்கப்படும் வரிகளையே அழித்திருக்கலாம். ஆகவே டிராப்புக்கு முன்பே மூல வரிகளை மலிவான ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கு, என்கிரிப்ட் செய்து, ஒரு கிளையாக அனுப்பிவிடுங்கள். புதிய டிராப் நிபந்தனை வரும்போது, அதை எழுதியவரைத் தவிர பாதுகாப்புக் குழுவிலிருந்து ஒருவரும் பார்த்துச் சம்மதிக்கட்டும்.